ரேடியோவைத் தட்டாதீர்கள், பொட்டியைப் பாருங்கள்

ரேடியோவில் கொர்ர்ரென்று இரைச்சல் வந்தால் நாம் முதலில் செய்வது அதன் தலையில் ரெண்டு தட்டு தட்டுவது. அப்புறம் "பழசாயிடுச்சு, தூக்கிப் போடுங்க" என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வது. பாவம், பல வீடுகளில் ரேடியோ நல்லாத்தான் இருக்கிறது. சத்தம் போடுவது நம்ம பொட்டி. கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன்.

புனேயில் எங்கள் வாடகை வீட்டில் ரேடியோ பைத்தியங்கள் இரண்டு பேர். நான் ஹாம் லைசென்ஸ்காரன், 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அரட்டை அடிப்பவன். இன்னொருவர் ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமனார். பொழுது சாய்ந்தால் மத்திய அலையைத் திருக ஆரம்பித்துவிடுவார். இருட்டிய பிறகு அந்த அலை வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும். ஆனால் வந்து சேரும்போது மெலிந்துதான் வரும். இரண்டடி தள்ளி ஓடும் கம்ப்யூட்டர் அதை விழுங்கிவிடும்.

காரணம் எளிது. கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸும் லேப்டாப் சார்ஜரும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம், சில சமயம் லட்சம் தடவைக்கு மேல் வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. அந்த வெட்டு, டயலில் வரிசையாகப் பல இடங்களில் இரைச்சலாக முளைக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இதைத் தடுக்கக் காயிலும் கெப்பாசிட்டரும் இருக்கும். மலிவு சரக்கைப் பிரித்துப் பார்த்தால் காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி இருக்கும். தப்பித்த இரைச்சலுக்கு மானிட்டர் வயர், யுஎஸ்பி வயர், கரண்ட் வயர் எல்லாமே ஏரியல்தான்.

திருடனைப் பிடிக்க வழி உண்டு. பேட்டரியில் ஓடும் ரேடியோவை வைத்துக்கொண்டு வீட்டு மெயினை அணையுங்கள். (யுபிஎஸ் இருந்தால் அதையும்!) இரைச்சல் நின்றால் திருடன் வீட்டுக்குள்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்ஈடி பல்பும் வைஃபை அடாப்டரும் கூடக் கூட்டாளிகளாக இருக்கலாம்.

பிடித்தபின் செய்ய வேண்டியவை:

1. எர்த். வாடகை வீடுகளில் மூன்றாவது ஓட்டை பல சமயம் சும்மா பேருக்குத்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் இரைச்சலின் ஒரு பகுதியை எர்த்துக்குத்தான் தள்ளும். எர்த் இல்லாவிட்டால் அது பாதி வேலைதான் செய்யும். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரேடியோவுக்காக இல்லாவிட்டாலும் குழந்தைகளுக்காக.

2. சூடாகிறது என்று கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி வைக்காதீர்கள். அந்தத் தகரம்தான் உள்ளே இருக்கும் இரைச்சலுக்கு வேலி.

3. ஃபெரைட். மானிட்டர் வயரின் நுனியில் புடைத்திருக்குமே, அந்த உருளைக்குள் இருக்கும் கருப்புச் சமாச்சாரம். தனியாகவும் வளையமாகக் கிடைக்கும். வயரை ஒரு தரம் நுழைத்தால் ரேடியோவுக்குப் பெரிய பலன் இருக்காது. ஐந்து சுற்று சுற்றினால் தடை ஏறக்குறைய 25 மடங்கு. இரைச்சல் போடும் கருவிக்குப் பக்கத்திலேயே சுற்றுங்கள்.

4. ரேடியோவைத் தள்ளி வையுங்கள், கம்ப்யூட்டர் இருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாதீர்கள். மத்திய அலைக்கு ரேடியோவையே மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஏரியலுக்குத் திசை உண்டு, ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கும்.

இனி என் கோபம். லேப்டாப் வகையறாக்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று 2012ல் ஓர் ஆணை வந்தது. நல்ல விஷயம். ஆனால் அப்போது அதற்கு வைத்த ஐஎஸ் 13252 பாதுகாப்புக்கான தரம். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதைப் பார்க்கும், ரேடியோ இரைச்சலைப் பார்க்காது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கம்ப்யூட்டர் இத்தனைக்கு மேல் இரையக் கூடாது என்று சட்டமே உண்டு. சார்ஜர் வாங்கும் நாம் வாட்டையும் விலையையும் மட்டுமே பார்த்தால், தயாரிப்பவர் ஏன் காயில் வைக்கப் போகிறார்?

"ஆகாசவாணிக்குத்தான் ஆப் இருக்கே தாத்தா" என்பான் என் பையன். இருக்கிறதுதான். நெட் இருக்கும் வரை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசிகள் செத்தபோது, அவர்கள் ரேடியோ வழியாகத் தீவுச் செய்திகள் வெளியே வந்தன. எங்கோ ஒரு அறையில் யாரோ அந்த மெலிந்த குரலைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த அறையில் ஒரு மலிவுச் சார்ஜர் கொர்ர் போட்டிருந்தால்?

கேட்கும் இடம் சுத்தமாக இருந்தால்தான் ரேடியோவுக்கு உயிர். அதைச் சுத்தமாக வைப்பது கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் கடமை, ரேடியோ வைத்திருப்பவர் தலையெழுத்து இல்லை. அடுத்த முறை வீட்டுப் பெரியவரிடம் ரேடியோவை அணைக்கச் சொல்லும் முன், பொட்டியை ஒரு நிமிஷம் அணைத்துப் பாருங்கள் :-)