பழைய ஆட்டுக்கல்லுக்கு ஒரு வேலை கொடுங்கள்



போன வாரம் எங்கள் வீட்டு முன்வாசல் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. "டீச்சர், அந்தக் கல்தொட்டி எங்கே வாங்கினீங்க?" "அத்தை, இதெல்லாம் அடுத்தவங்க வீட்டுப் பழசாமே, வாசல்ல வைக்கலாமா?" "மிஸ், குருவிக்குத் தண்ணி வைக்கிற தொட்டி ஆன்லைன்ல நாலாயிரம் போட்டிருக்கான், வாங்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் தட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலையும் தோட்டத்தையும் அழகாக்கப் பழைய பொருட்களே போதும். ஆனால் வாசலுக்கு வரும் ஒவ்வொரு பழைய பொருளுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். வேலை கொடுக்க மனமில்லை என்றால் அதை வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாது.

முதலில் அந்த "அடுத்தவங்க வீட்டுப் பழசு" கேள்வி. உங்களில் பாதிப் பேர் மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகளிடம் பாதி விலைக்கு வாங்கிய புத்தகத்தில் படித்தவர்கள். அதில் எழுத்து தேய்ந்தா போயிருந்தது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம், மரத்தூண், பித்தளை அண்டா எல்லாம் கடை கடையாக அடுக்கியிருக்கும். எங்கெங்கிருந்தோ வந்து விலை பேசி வாங்கிப் போகிறார்கள். நாம் கூச்சப்பட்டுக் கழித்துக் கட்டியதை அவர்கள் பெருமையாகக் கூடத்தில் வைக்கிறார்கள். தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்த பொருளுக்குத் தீட்டு எதுவும் கிடையாது.

இந்தப் பொருட்களுக்கு வேலை போனது எப்படி என்பதையும் யோசியுங்கள். மிக்சியும் கிரைண்டரும் ஒவ்வொரு வீடாக வந்தன. 2011-ல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியதும் ஏழை வீடுகளிலும் அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓரமாகப் போயின. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து என் அம்மாவின் தோள்பட்டை தேய்ந்ததைப் பார்த்தவள் நான். கிரைண்டர் வந்தது நல்லதுதான். ஆனால் கருங்கல் தேயாது. ஒரு வேலை போனால் இன்னொரு வேலைக்கு அது தயாராகத்தான் இருக்கிறது. அதைக் குப்பைமேட்டில் தள்ளிவிட்டு, சிமெண்டில் வார்த்த தொட்டியை நாலாயிரம் கொடுத்து வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

இது உறவுகளுக்கு. நம் குடும்பத்திலேயே இந்த வருடம் இரண்டு ஓட்டு வீடுகளை இடிக்கப் போகிறீர்கள். பொதுவாக இடிப்பவரிடம் பேசும்போது உள்ளே கிடக்கும் மரம், ஓடு, கல் எல்லாம் அவருக்கு என்று சேர்த்துத்தான் தொகை பேசுவார்கள். அந்தப் பேச்சு முடிவதற்கு முன்பே ஆட்டுக்கல், உரல், மாட்டுக்குக் கழுநீர் ஊற்றிய கல்தொட்டி இவை எங்களுக்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இடித்த பிறகு கேட்டால், உங்கள் பாட்டி வீட்டுக் கல்லை நீங்களே காசு கொடுத்து வாங்க வேண்டிவரும்.

சரி, கொண்டு வந்தாயிற்று. என்ன வேலை கொடுப்பது?

செடி வைப்பதென்றால் முதல் தகுதி அடியில் துளை. துளையில்லாத பாத்திரத்தில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். பழைய இரும்பு வாளியிலும் தகர டப்பாவிலும் ஓர் ஆணியும் சுத்தியலும் போதும். பீங்கான் ஜாடி என்றால் டைல்ஸ் வேலை செய்பவரிடம் கொடுங்கள். தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளைத்தால் விரிசல் விடாது. உரலில் துளை போட வேண்டுமானால் கல் கொத்துபவரைத் தேட வேண்டும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. உரலைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் மண்தொட்டியை வைத்துவிட்டேன். துளசிக்கு நல்ல பீடம் கிடைத்தது, தண்ணீர் தேங்கும் பேச்சும் இல்லை. பழைய மண்தொட்டி வாங்கினால் ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் காயவிடுங்கள். வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் உப்புதான், பயப்பட வேண்டாம். கற்பூரவல்லி, கற்றாழை, நந்தியாவட்டை எல்லாம் அதில் நன்றாக வரும்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கொண்டு வரக்கூடாதவை சில உண்டு. பூச்சிமருந்து வந்த கேன், பழைய பேட்டரிப் பெட்டி இரண்டும் வேண்டவே வேண்டாம். பழைய பெயிண்ட் உரிந்துகொண்டிருக்கும் தொட்டியில் கீரையோ புதினாவோ போடாதீர்கள், குருவிக்குத் தண்ணீரும் வைக்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு இருந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டயரை வெட்டி வர்ணமடித்துத் தொங்கவிடுவதும் வேண்டாம். அதன் உள்வளைவில் நிற்கும் மழைத் தண்ணீரை முழுதாக வெளியேற்றுவது பெரிய பாடு. சிலை, நடுகல், நாகர் கல் போன்றவற்றை யாராவது தோட்டத்துக்கு என்று விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள். நூறு ஆண்டு கடந்த சிற்பங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை. சட்டம் இருக்கட்டும், ஓர் ஊர் கும்பிட்ட கல் நம் ரோஜாச் செடிக்கு அலங்காரமாக நிற்பது சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி குருவித் தொட்டி. எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். நான் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான்.

ஆட்டுக்கல் இதற்கு அருமையான பொருள். கனமானது, காகம் கவிழ்க்காது. சொரசொரப்பானது, குருவியின் கால் வழுக்காது. ஆனால் குழி ஆழம் அதிகம். சின்னக் குருவி குளிக்கத் தண்ணீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் தேவையில்லை. அதனால் குழியில் கூழாங்கல்லைப் போட்டு மேலே இரண்டு அங்குலம் மட்டும் தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள். மர நிழலில் வையுங்கள், இல்லையென்றால் சித்திரை வெயிலில் தண்ணீர் கொதிக்கும். புதருக்கு ஒட்டி வைக்காதீர்கள், பூனை பதுங்கியிருக்கும். நாலைந்து அடியாவது திறந்த வெளி வேண்டும். களிம்பு ஏறும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். இவ்வளவு செய்தால் மைனாவும் தவிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் வரும். அணில் கேட்காமலே வரும்.

கொசுவும் கேட்காமலே வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுத் தொட்டியில் நிற்கும் சுத்தமான தண்ணீர்தான் அதற்கு வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைப்போம். அந்த முட்டை காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்து, நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். தினம் தண்ணீர் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை கூழாங்கல்லை வெளியே எடுத்து, குழி முழுவதையும் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் அப்படியே செய்யுங்கள். பலரும் மறப்பது அந்தத் தட்டைத்தான்.

"டீச்சர், இதுக்கெல்லாம் நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காலை ஏழு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவர்கள் நீங்கள். நேரமில்லை என்றால் குருவித் தொட்டி வேண்டாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆட்டுக்கல்லைக் கவிழ்த்து மேலே ஒரு செடியை வையுங்கள், அதுவும் அழகுதான். ஆனால் வைத்துப் படமெடுத்துப் போட்டுவிட்டுப் பத்து நாள் மறந்துபோவது தவறு. அந்தக் கொசு உங்களை மட்டுமா கடிக்கும்? இரண்டு வீடு தள்ளித் தொட்டிலில் தூங்கும் குழந்தையையும் பகலிலேயே கடிக்கும். எங்கள் தெருவில் போன ஐப்பசி மழையின்போது ஐந்து வயதுப் பையன் ஒருவன் டெங்கு காய்ச்சலில் ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நல்லபடியாகத் திரும்பி வந்தான். தட்டணுக்கள் எண்ணிக்கை என்ன ஆயிற்று என்று தெருவே தினம் விசாரித்துக்கொண்டிருந்தோம். எந்தத் தொட்டியிலிருந்து வந்த கொசு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொருவரும் அவரவர் தொட்டியைத் தேய்க்க வேண்டியிருக்கிறது.

பழைய மாணவர்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுப்பாடம் தருகிறேன். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். சும்மா கிடக்கும் பாத்திரங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் துளை போட்டுச் செடி வைக்கலாமா, தினம் கழுவித் தண்ணீர் வைக்கலாமா, கவிழ்த்துப் போடலாமா என்று முடிவு செய்யுங்கள். மூன்றுமே ஆகாது என்றால் தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

உறவுகளே, வீடு இடிக்கும் தேதி முடிவானதும் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். ஆட்டுக்கல்லை உங்களால் வைத்துக்கொள்ள முடியாவிட்டால், குட்டி யானை வண்டி பிடித்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். வண்டி வாடகை என்னுடையது, மதியச் சாப்பாடு உங்களுடையது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்