வரி கூடினால் கோபம் வருகிறது, மதகு விழுந்தால்?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி. வடக்கே போவது கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம்.

முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ம் வருடம் ஓர் அணை கட்டப்பட்டது. கட்டியவர் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர். பாசனத் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்புவதும், வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் வடிய விடுவதும் அந்த அணையின் வேலை.

22-8-2018 இரவு, அந்த அணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் இடிந்து வெள்ளத்தோடு போய்விட்டன! காவிரிக்குப் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் பாய்ந்தது. மணல் மூட்டைகளை அடுக்கி உடைப்பை அடைத்தார்கள்.

அணைக்கு 182 வயது ஆகிவிட்டது, அதனால் விழுந்தது என்றது சர்க்கார். ஆற்றில் அளவுக்கு மீறி மணல் அள்ளியதால் விழுந்தது என்றார்கள் விவசாயிகள். காரணம் எதுவானாலும், புதிய கதவணைக்கு ஒதுக்கிய பணம் 387 கோடியே 60 லட்சம் ரூபாய்.

பணம் யாருடையது?

இந்தப் பணம் சர்க்கார் கஜானாவிலிருந்து வருகிறது. கஜானாவை நிரப்புவது மக்கள் கட்டும் வரி. கடன் வாங்கிக் கட்டினாலும், அந்தக் கடனை அடைப்பதும் வரிதான்.

"எங்கள் ஊர் எம்.எல்.ஏ. இதைச் செய்யக் கூடாதா?" என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் பார்த்தால் விஷயம் விளங்கும். தமிழ்நாட்டில் ஓர் எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி 2019-ல் வருடத்துக்கு 3 கோடி ரூபாயாக உயர்ந்தது. பள்ளிக்கூடக் கட்டிடம், தண்ணீர்த் தொட்டி, தெரு ரோடு ஆகியவற்றுக்கு அது உதவும். அந்த நிதியில் ஒரு காசு கூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும், முக்கொம்புக் கதவணைக்கு 129 வருடம் சேர்க்க வேண்டும்!

ஆகவே எம்.எல்.ஏ.வின் பெரிய வேலை தம் நிதியைச் செலவிடுவது மட்டும் அல்ல. சட்டசபையில் எழுந்து, எந்த வரி வேண்டும், அந்தப் பணம் எதற்குப் போக வேண்டும் என்று பேசுவதே பெரிய வேலை.

இரண்டு நாற்காலிகள்

அந்தப் பேச்சு எப்படி இருக்கிறது? வீட்டு வரியின் கதையே இதற்கு நல்ல உதாரணம்.

திருச்சி போன்ற ஊர்களில் சுமார் 10 வருடம் வீட்டு வரி உயராமல் இருந்தது. 2018 ஜூலையில் அ.தி.மு.க. சர்க்கார் சொந்த வீட்டுக்கு 50 சதவீதம் வரை வரியைக் கூட்டியது. தி.மு.க. எதிர்த்தது. 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது.

அப்போது திருச்சி மேற்குத் தொகுதியின் எம்.எல்.ஏ. தி.மு.க.வைச் சேர்ந்த கே. என். நேரு. எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். 2021 தேர்தலில் மீண்டும் வென்று, நகராட்சி நிர்வாக மந்திரி ஆனார்.

2022 ஏப்ரலில் வீட்டு வரி மீண்டும் உயர்ந்தது. உயர்த்திய இலாகா அவருடையது. இப்போது எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்தது அ.தி.மு.க.!

நேரு சொன்ன காரணம் இது: வரியைச் சீரமைத்தால்தான் நகரங்களுக்கு மானியம் கிடைக்கும் என்று 15-வது நிதிக் குழு நிபந்தனை வைத்திருக்கிறது. சிறிய வீடுகளுக்கு உயர்வு குறைவு. 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம். 1,200 சதுர அடி வரை 50 சதவீதம். தமிழ்நாட்டு வீடுகளில் பத்தில் எட்டுக்கு மேல் இந்த இரண்டு வகையில் அடங்கும் என்று சர்க்கார் கணக்குக் காட்டியது.

எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. கொரோனா நோயால் குடும்பங்கள் நொடித்துப் போயிருந்த நேரம் அது. அரை வருடத்துக்கு 500 ரூபாய் கட்டிய சிறு வீட்டுக்காரர் 625 ரூபாய் கட்ட வேண்டி வந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்தப் பாரம் வாடகையாக வந்து சேரும். 2024-ல் மேலும் 6 சதவீதம் கூடியது.

உயர்வு சரியா, தவறா என்பது ஒரு கேள்வி. ஆனால் எதிர்க்கட்சியில் இருக்கும்போது கொடுமையாகத் தெரியும் வரி, ஆளும் கட்சியானதும் அவசியமாகத் தெரிவது ஏன்? இரண்டு பெரிய கட்சிகளும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. பத்து வருடம் ஓட்டுக்குப் பயந்து வரியைத் தொடாமல் இருந்து, ஒரே நாளில் பாதிக்குப் பாதி ஏற்றினால் எந்தக் குடும்பம் தாங்கும்?

கண்ணுக்குத் தெரியாத வேலை

மக்களுக்கு வரி கசப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பணம் போகும் இடம் தெரிவதில்லை.

9-5-2025 அன்று திருச்சி பஞ்சப்பூரில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. ஊருக்கு அது வேண்டிய வேலைதான். திறப்பு விழா நடந்தது, எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் மதகுக்கு எண்ணெய் போடுவதற்கும், விரிசலைப் பூசுவதற்கும், வாய்க்காலில் தூர் வாருவதற்கும் யார் விழா எடுக்கிறார்கள்? ரிப்பன் வெட்ட ஆள் இல்லாத வேலை இது. ஆகவே தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் மதகு விழுகிறது; கோடிக்கணக்கில் செலவு வருகிறது.

வீட்டுக் கூரையில் ஓர் ஓடு உடைந்தால் உடனே மாற்றுகிறாள் குடும்பத் தலைவி. மாற்றாவிட்டால் அடுத்த மழையில் சுவரே ஊறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். நல்ல சர்க்காருக்கும் இதே புத்திதான் வேண்டும்.

2025 ஜனவரியில் சுற்றுப்புற ஊராட்சிகளைத் திருச்சி மாநகராட்சியோடு சேர்க்கும் திட்டம் வந்தபோது, கிராமத்தார் எதிர்த்தார்கள். வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். கூடுதலாகக் கட்டும் வரிக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று முதலிலேயே எழுதிக் காட்டியிருந்தால், அந்தப் பயம் பாதி குறைந்திருக்கும்.

கேட்க வேண்டியது

வரியே வேண்டாம் என்கிறவர் தண்ணீரும் ரோடும் எப்படி வரும் என்று சொல்ல வேண்டும். வரி வேண்டும் என்கிறவர் கணக்குக் காட்ட வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், வாசலில் நிறுத்தி மூன்று கேள்வி கேட்கலாம். வரியைப் பற்றி இன்று சொல்வதைப் பதவிக்கு வந்தபிறகும் சொல்வீர்களா? போன வருடம் கட்டிய வரியில் நம் ஊரில் என்ன வேலை நடந்தது? பழைய அணை, பாலம், வாய்க்கால் மராமத்துக்கு எவ்வளவு ஒதுக்கச் சொல்லிச் சட்டசபையில் பேசினீர்கள்?

பதில் சொல்கிறவருக்கு ஓட்டுப் போடலாம். பதில் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போகிறவரை அடையாளம் வைத்துக்கொள்ளலாம்!