தாழப் பறந்தவர்

ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்வது வேறு, பறப்பது வேறு என்று என் தாய்வழித் தாத்தா அடிக்கடி சொல்லுவார். முன்னதற்குக் கையில் டிக்கெட்டும் பெட்டியில் மாற்றுத் துணியும் இருந்தால் போதும். பின்னதற்கோ காற்றின் திசையையும், இயந்திரத்தின் ஓசையையும், கீழே விரிந்து கிடக்கிற பூமியின் மேடு பள்ளங்களையும் இடைவிடாத சிரத்தையோடு கவனிக்கிற மனம் வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். அவர் காலமான பிறகு அவரை நினைக்கும்போதெல்லாம், அந்த இரண்டாவது அனுபவத்தைச் சாமானிய மனிதனுக்கு எட்டாததாக நாம் செய்துவிட்டோமே என்கிற வருத்தமும் கூடவே எழுகிறது.

தாத்தா செல்வந்தர் அல்லர். மவுண்ட் ரோடில் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற உத்தியோகம். சைதாப்பேட்டையில் வாடகை வீடு. கல்யாணத்துக்கு நின்ற தங்கைகள் இருவர். அப்படிப்பட்டவர் 1960களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் விடியற்காலை மின்சார ரயிலேறி, மீனம்பாக்கத்தில் இறங்கி, மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் விமானம் ஓட்டக் கற்றார் என்றால், அதற்கு அவருடைய பிரயத்தனமும் சிக்கனமும் பாதிக் காரணம். மீதிப் பாதி, அக்காலத்துச் சர்க்கார் கைக்கொண்டிருந்த கொள்கை. 1920களின் இறுதியில் பம்பாய், டில்லி, கல்கத்தா முதலிய நகரங்களில் அரசாங்க உதவியோடு தோன்றிய பறக்கும் சங்கங்களுக்கு (அவற்றுள் பம்பாய்ச் சங்கத்தில்தான் ஜே.ஆர்.டி. டாட்டா 1929இல் தம்முடைய லைசென்ஸைப் பெற்றார்) சுதந்திரத்துக்குப் பின்னும் மானியம் தொடர்ந்தது. அச்சங்கங்களின் உபயோகத்துக்கென்றே பெங்களூர் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையில் 'புஷ்பக்' என்ற சிறு விமானம் உருவாகி 1958இல் முதன்முதலாகப் பறந்தது. துணி போர்த்திய இறக்கை, 90 குதிரைச் சக்தி இயந்திரம், பக்கத்தில் பக்கத்தில் இருவர் உட்கார இடம். ராவணன் பறித்துச் சென்ற விமானத்தின் பெயரை அதற்கு வைத்தவர்களுக்கு ஹாஸ்ய உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

பாட்டிக்கு இதில் சம்மதமில்லை, ஆயினும் தடுக்கவுமில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை நாலரைக்குத்தான் என்பதால் காலையில் போக ஆக்ஷேபணை கிடையாது, ஆனால் எமகண்டம் பன்னிரண்டுக்குப் பிறக்கிறது, "அதுக்குள்ள இறங்கிடுங்க" என்று ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். இதில் விசேஷம் என்னவென்றால், கிளப்பின் இன்ஸ்ட்ரக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னாராம். வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து கிளம்பும் உஷ்ணக் காற்று சிறு விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். கோடையில் காலையெல்லாம் மேற்கிலிருந்து வீசுகிற காற்று, நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று புகுந்ததும் கிழக்குக்கு மாறிவிடும். கற்றுக்கொள்ளுகிறவன் அதற்குள் தரைக்கு வந்துவிடுவது நல்லது. வானிலை சாஸ்திரமும் ஜோதிஷமும் எங்கள் வீட்டில் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான் என்று தாத்தா பரிகாசம் செய்வதுண்டு.

முதன்முதல் தனியே பறந்த தினத்தைப் பற்றி அவர் எத்தனை முறை சொன்னாலும் ஒரு சங்கதியை விடமாட்டார். இன்ஸ்ட்ரக்டர் சட்டென்று கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, "ஒரு சர்க்யூட் அடிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாராம். ஓர் ஆளின் பாரம் குறைந்துபோனதால் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தரையை விட்டுக் கிளம்பியதில், பயப்படுவதற்குக்கூட அவகாசம் கிடைக்கவில்லையாம். மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர் சிம்ஸன் பட்டறையின் உதவியோடு விமானம் கட்டி 1910ஆம் ஆண்டிலேயே இந்தச் சென்னையில் பறந்து காட்டினார் என்பதைச் சொல்லும்போது, தாமும் அதே ரோட்டில் உத்தியோகம் பார்த்தவர் என்கிற உரிமையில் அவர் குரலில் ஒரு சொந்தக்கார அபிமானம் தொனிக்கும்.

ஆனால் அவரைப் பற்றி நான் சொல்ல விரும்புவது அந்தச் சாகசத்தை அன்று. புஷ்பக் விமானத்தின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழ்ப்பார்வைக்குத் தடையில்லை. ஓராயிரம் ஈராயிரம் அடி உயரத்தில், மோட்டார் காரைவிடச் சற்றே அதிகமான வேகத்தில் போகிறபோது, ஏரி மாவட்டமென்று பெயர்பெற்ற செங்கல்பட்டுப் பிரதேசம் முழுவதும், பாட்டியின் ஒட்டியாணத்தை அவிழ்த்துத் தரையில் போட்டாற்போல, ஒன்றோடொன்று கோத்த நீர்நிலைகளாகத் தெரியுமாம். இந்த ஏரியின் கலங்கல் வழிந்தால் அந்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அடுத்ததற்கு. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து நீரெல்லாம் அடையாற்றைத் தேடும். செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் திருநீர்மலை அருகே வந்து சேரும். இதையெல்லாம் அவர் புஸ்தகத்தில் படிக்கவில்லை, ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் மழை ஓய்ந்த காலை வேளைகளில் கண்ணால் கண்டார். அதனால்தான் 1980களில் முடிச்சூர்ப் பக்கம் மனை சகாயமாக வந்தபோது, உறவினர் அனைவரும் வற்புறுத்தியும், "அது தண்ணி போற வழி" என்று அவர் பிடிவாதமாக மறுத்தார். பிழைக்கத் தெரியாதவர் என்ற பட்டம் அன்று அவருக்குக் கிடைத்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியது. ஆற்றின் மேலேயே பாலம் கட்டி ஓடுபாதையை நீட்டியிருந்த சென்னை விமான நிலையமும் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. அப்போது எண்பதைத் தாண்டியிருந்த தாத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பெருமையாகப் பேசவில்லை. மனை வாங்கிய உறவினர் குடும்பம் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தது.

கைபேசியைத் தட்டினால் செயற்கைக்கோள் படம் வந்துவிடுகிற இக்காலத்தில் இதற்காக ஒருவர் பறக்கத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். படம் இடத்தைக் காட்டுகிறது, சந்தேகமில்லை. ஆனால் நாம் தேடிப் போகிற தெருவை மாத்திரமே காட்டுகிறது. தேடாத ஒன்றைக் கண்ணில் கொண்டுவந்து நிறுத்துவதற்குப் பருவந்தோறும் அதே பூமியின் மேல், தாழவும் மெதுவாகவும், தன் உயிரைத் தானே பொறுப்பேற்றுக்கொண்டு போகிற பழக்கம் வேண்டியிருக்கிறது. முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உறங்குகிற பிரயாணிக்கு அது வாய்ப்பதில்லை.

இன்று மீனம்பாக்கத்தின் நெரிசலில் ஒரு குமாஸ்தா ஞாயிறு காலையில் சர்க்யூட் அடிப்பதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. விமானம் ஓட்டக் கற்பதென்பது பல லட்ச ரூபாய் கடன் வாங்கி உத்தியோகத்துக்குப் போகிற மார்க்கமாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் இடத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது போட்ட ஓடுபாதைகள் உளுந்தூர்ப்பேட்டையிலும் செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் நெடுங்காலம் புல் முளைத்துக் கிடந்தன. சோழவரத்து ஓடுபாதை மோட்டார் பந்தயத்துக்காவது பயன்பட்டது. பெரிய விமானங்களுக்குப் புதுப்புது முனையங்கள் கட்டுகிற அரசாங்கம், இவற்றில் ஒன்றிரண்டையேனும் கிளைடிங் கற்பிக்க ஒதுக்கலாம். இயந்திரமில்லாத அந்த விமானத்தை வின்ச் கொண்டு கம்பியால் இழுத்து மேலே ஏற்றிவிட்டால், தாத்தாவின் இன்ஸ்ட்ரக்டர் அஞ்சிய அதே உஷ்ணக் காற்றே அதைத் தாங்கிக்கொள்ளும். பெட்ரோல் செலவு சொற்பம். புனே ஹடப்சரில் 1950இல் தொடங்கிய கிளைடிங் மையத்தை மத்திய சர்க்காரே நடத்தி வந்திருக்கிறபடியால், இது முன்மாதிரியில்லாத யோசனையும் அன்று. முதல் வகுப்பில் பள்ளி மாணவர்களோடு, மனைப் பிரிவுகளுக்கு அனுமதி வழங்குகிற அதிகாரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.