கடைசி பெஞ்ச் இல்லாத வகுப்பு



அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், 1781ல் துவங்கிய பிலிப்ஸ் எக்ஸெட்டர் என்ற விடுதிப் பள்ளி இருக்கிறது. கோடை விடுமுறையில் பல நாட்டு மாணவர்கள் சில வாரங்கள் அங்கே தங்கிப் படிக்கின்றனர்.

வகுப்பில் பெஞ்ச் வரிசையே கிடையாது. நீள்வட்ட மேஜையைச் சுற்றி, சுமார் 12 பேர். ஆசிரியரும் கூடவே அமர்கிறார். எட்வர்ட் ஹார்க்னஸ் என்பவர் 1930ல் தந்த நன்கொடையால் வந்த முறை இது. ஒருவர் பேச, மற்றவர் கேட்டு, பதில் சொல்லியே பாடம் நடக்கும். ஒளிந்துகொள்ள இடமில்லை!

என் வகுப்பில், கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்த எத்தனையோ பிள்ளைகளிடம், 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று நான் கேட்டதே இல்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

நீங்கள் நாளை ஒரு சந்தேகமாவது எழுந்து கேளுங்கள். பேசத் தயங்கும் தோழி வாய் திறந்தால், சிரிக்காமல் கேளுங்கள். சரிதானே, கண்ணுகளா?