கள்ளி மகாநாடும் மண்ணின் உரிமையும்

கள்ளிச் செடியை ஆராய்வதற்கென்றே உலகத்துப் பண்டிதர்கள் ஒரு சங்கம் அமைத்து, காலந்தவறாமல் மகாநாடு கூட்டி வருகிறார்கள் என்று கேட்டால் நம்மவர்களிற் பலர் நகைக்கக்கூடும். வேலிக்கு நடுவதற்கும், வழிப்போக்கன் காலில் முள்ளேற்றுவதற்கும் அன்றி வேறெதற்கும் உதவாத செடிக்கு மகாநாடு வேறு வேண்டுமா என்று கேட்பார்கள். நாம் அவ்வாறு நகைப்பதற்கில்லை. கள்ளிக்கும் கள்ளிக்கும் உள்ள வேற்றுமையை அறியாமையால் வந்த நஷ்டத்தை நமது தமிழ்நாடே அநுபவித்து அறிந்திருக்கிறது. ஆகவே இம்மகாநாட்டின் பணியை மதித்து, அதனிடம் ஒரு கேள்வியையும் கேட்க நமக்கு உரிமையுண்டு.

1950-ம் வருஷத்தில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜூரிச் நகரில் சதைப்பற்றுத் தாவரங்களின் ஆராய்ச்சிக்கான சர்வதேச ஸ்தாபனம் தோன்றியது. அந்நகரில் 1931-ம் வருஷத்திலேயே இத்தகைய செடிகளுக்கென ஒரு பொதுத் தோட்டம் திறக்கப்பட்டிருந்தது. பனி பெய்யும் நாட்டில், கண்ணாடி வீடுகளுக்குள், பாலைவனத்துச் செடிகள் வளர்ந்தன. அங்கே கூடிய அறிஞர்கள், ஒரே செடிக்குப் பல பெயர்களும், பல செடிகளுக்கு ஒரே பெயருமாகக் கிடந்த குழப்பத்தை நீக்க முற்பட்டார்கள். அது முதல் இந்த ஸ்தாபனம் இரண்டு வருஷத்துக்கொரு முறை கூடி, புதிதாக வெளியான பெயர்களைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. 1984-ம் வருஷத்தில் தனியாக ஒரு குழுவை நியமித்து, சப்பாத்திக்கள்ளிக் குடும்பத்தின் பிரிவுகளைப் பற்றி அறிஞர்களிடையே உடன்பாடு காணவும் முயன்றது.

நமது நேயர்களுக்கு ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்துதல் நலம். நாம் கள்ளி என்று பொதுவாகச் சொல்பவற்றில் சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியவை பாலுள்ள வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளியின் குடும்பமோ அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. ஏறக்குறைய 1,500 இனங்களுள்ள அக்குடும்பத்தில், மரங்களில் தொற்றி வளரும் ஒரே ஓர் இனம் மட்டுமே ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. குடும்பம் வேறாயினும் பிழைக்கும் உபாயத்தில் இவை ஒற்றுமை கொண்டுள்ளன. மற்றச் செடிகள் பகலில் துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். இவற்றிற் பெரும்பாலானவை வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை உட்கொண்டு சேமித்து வைக்கும். நீரைச் சிக்கனமாகச் செலவிடும் வித்தையை இவற்றினிடம் கற்கலாம். மழை பொய்க்கும் காலத்தில் அந்த வித்தையின் மதிப்பை வானம் பார்த்த பூமியின் விவசாயிக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி நமது கதையைக் கேளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் தேசத்தார் மெக்ஸிகோவிலிருந்து கொச்சினீல் என்னும் சாயப்பூச்சியைக் கொண்டு பெரும் லாபம் அடைந்து வந்தனர். சப்பாத்திக்கள்ளியில் வாழும் அப்பூச்சியை உலர்த்தி அரைத்தால் உயர்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்த லாபத்தில் ஆசை கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனியார், சென்னையிலிருந்த வைத்தியர் ஜேம்ஸ் ஆண்டர்ஸனின் முயற்சியால் சைதாப்பேட்டையில் நாகதாளித் தோட்டம் போட்டனர். 1795-ம் வருஷத்தில் கப்பல் தலைவர் ஒருவர் பிரேஜிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது மெக்ஸிகோவின் உயர்ந்த ஜாதிப் பூச்சி அன்று, காட்டு ஜாதி. சாயம் மட்டமாயிற்று; லாபக் கனவு கலைந்தது. ஆனால் அந்தப் பூச்சி ஒருவகை நாகதாளியைத் தின்று தீர்த்தது. அதைக் கண்டு 1830-களில் தென்னாட்டிலும் அதைப் பரப்பினார்கள். ஒரு வகை ஒழிந்தது. மற்றொரு வகையையோ அப்பூச்சி தொடவேயில்லை. அந்த இரண்டாவது வகையே வயலையும் மேய்ச்சலையும் ஊர்ப் பொதுவையும் விழுங்கும் முட்காடாயிற்று. 1926-ம் வருஷத்தில் அதற்கேற்ற வேறோர் இனப் பூச்சி இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பின்னரே, சில வருஷங்களுக்குள் அக்காடு மறைந்தது.

இலக்கமிட்டு இனம் பிரித்துப் பெயரிடும் வேலை வீண் வேலை என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக. பார்வைக்கு ஒன்று போலிருக்கும் இரண்டு கள்ளிகளும், ஒன்று போலிருக்கும் இரண்டு பூச்சிகளும் வெவ்வேறானவை என்ற அறிவு, பல்லாயிரம் ஏக்கர் நிலத்தின் விதியை நிர்ணயித்தது. இந்தச் சாஸ்திரத்தை வளர்க்கும் மகாநாட்டை நாம் மனமார வரவேற்பதற்கு இதுவே முதற் காரணம்.

ஆயினும் அறிவு மட்டும் போதாது என்பதற்கும் கள்ளியின் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. நமக்குச் சத்துருவாக இருந்த அதே நாகதாளி, மடகாஸ்கர் தீவின் தென்பகுதியில் வாழும் தாண்ட்ரோய் மக்களுக்கு உயிர்த்துணையாக இருந்தது. ஆறு வற்றும் கோடையில் அவர்களுடைய மாடுகளுக்கு அதன் மடல்களே தீனியும் தண்ணீரும். கனி மனிதருக்கு ஆகாரம். புதர் ஊருக்கு அரண். 1920-களில், பிரெஞ்சு ஆட்சியின் கீழ், அத்தீவினுள் கொண்டுவரப்பட்ட சாயப்பூச்சி தெற்கே பரவியது. சில வருஷங்களில் நாகதாளி பட்டொழிந்தது. மாடுகள் மடிந்தன, பஞ்சம் வந்தது, மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். பூச்சி அங்கே பரவியது வேண்டுமென்றே செய்ததா என்பது பற்றிச் சரித்திராசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். விவாதத்துக்கு இடமில்லாத சங்கதி ஒன்றுண்டு. அச்செடியை நம்பி வாழ்ந்த மக்களை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. நமக்கு விமோசனம் அளித்த உபாயம் அவர்களுக்கு விநாசமாக முடிந்தது. செடியின் பெயரை ஐரோப்பியப் பண்டிதன் அறிவான். செடியின் தேவையை அந்த மண்ணில் வாழ்பவனே அறிவான். இரண்டும் சேர்ந்தாலன்றி சாஸ்திரம் முழுமை பெறாது.

இந்த உண்மை பழங்கதை அன்று. சிலி தேசத்தின் அடகாமா பாலைவனத்தில் கோபியாபோவா என்ற கள்ளிக் குலம் கடல்மூடுபனியின் ஈரத்தைக் கொண்டு மிக மெல்ல வளர்கிறது. 2020-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்துப் போலீஸார் ஒரு சோதனையில், அப்பாலைவனத்திலிருந்து களவாடி வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கள்ளிகளைக் கைப்பற்றினர். அவற்றில் 844 செடிகள் அடுத்த வருஷம் சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. ஆயினும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்குப்படி, 2013-ல் அக்குலத்து இனங்களில் நூற்றுக்கு 55 அபாயத்தில் இருந்தன. 2024-ல் அது நூற்றுக்கு 82 ஆகிவிட்டது. தென்னாப்பிரிக்காவிலோ 2019-ம் வருஷத்துக்குப் பின் கள்ளத்தனமாகப் பிடுங்கப்பட்டு அதிகாரிகளிடம் அகப்பட்ட சதைப்பற்றுச் செடிகள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேலாகும். அகப்படாமற் போனவை எத்தனையோ! கூழாங்கல் அளவேயுள்ள அச்செடிகளை வேலையற்ற ஏழைகள் சிறு கூலிக்குப் பிடுங்குகிறார்கள்; தொலைதூரத்துச் செல்வர் வீட்டு ஜன்னலில் அவை பெருவிலைக்கு அமர்கின்றன. பிடிபட்டுச் சிறை செல்பவன் பெரும்பாலும் பிடுங்கியவனே, வாங்கியவனைக் கேட்பாரில்லை.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1973-ல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-ல் அமலுக்கு வந்த உடன்படிக்கை, சப்பாத்திக்கள்ளிக் குடும்பம் அநேகமாக முழுவதையும் தன் அட்டவணைகளில் சேர்த்து அதன் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிறது. 1992-ம் வருஷத்து உயிரினப் பன்மை உடன்படிக்கை, ஒரு தேசத்தின் செடி கொடிகள் மீது அத்தேசத்துக்கே பூரண அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் எல்லைப்புறத்தில் நிற்கும் சுங்க அதிகாரிக்கு ஒரு முட்செடியையும் மற்றொரு முட்செடியையும் இனங்கண்டு சொல்லத் தெரியாவிட்டால் சட்டம் ஏட்டளவில் நிற்கும். அதற்கு வழிகாட்ட வேண்டியவர்கள் இம்மகாநாட்டுப் பண்டிதர்களே. அவர்களிற் பலர் அவ்வாறு உதவியும் வருகிறார்கள். கள்ளிகளின் பெயர்ப் பட்டியல்கள் அவர்களுடைய உழைப்பின் பயனேயாம்.

இங்கேதான் நாம் மகாநாட்டாரிடம் கேட்க விரும்பும் கேள்வி எழுகிறது. ஒரு பண்டிதர் புதிய இனம் ஒன்றைக் கண்டு, அது எந்தக் குன்றில் எந்தச் சரிவில் வளர்கிறது என்று பத்திரிகையில் விரிவாக எழுதினால், அந்தக் கட்டுரையே திருடனுக்கு வழிகாட்டியாகிறது. ஒரே ஒரு குன்றில் சில நூறு செடிகளே உள்ள இனமாயின், அதன் பெயர் பிறந்த நாளே அதற்குச் சாவோலையாகவும் முடியலாம். அறிவைப் பரப்புவது சாஸ்திரியின் கடமை. அழிவைப் பரப்புவது எவருடைய கடமையும் அன்று.

சாஸ்திரத்துக்குத் தேசம் ஏது, எல்லை ஏது என்று சிலர் கூறுவர். அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. மெய்யறிவு எல்லோருக்கும் பொது. ஆனால் பொதுவென்று சொல்லி எடுத்துச் செல்பவர் எப்போதும் ஒரு பக்கத்தாராகவும், இழந்து நிற்பவர் எப்போதும் மறுபக்கத்தாராகவும் இருந்தால், அந்தப் பொதுமையை நாம் ஐயுறுவதில் தவறென்ன? வெளிநாட்டுத் தோட்டங்களில் வளர்வதனால்தான் சில இனங்கள் பிழைத்திருக்கின்றன என்று வேறு சிலர் கூறுவர். இதனையும் நாம் மறுக்கவில்லை. விதையிலிருந்து நேர்மையாகச் செடி வளர்ப்பவன் காட்டுச் செடியைக் காப்பாற்றுகிறான். அவன் நமது நன்றிக்குரியவன். அவ்விதையால் வரும் லாபத்தில் தாய்நாட்டுக்குப் பங்கு உண்டா என்பதே கேள்வி. இப்பங்கு நியாயமானது என்று 2010-ம் வருஷத்தில் ஜப்பானிலுள்ள நகோயாவில் செய்த ஒப்பந்தம் கூறுகிறது. அதனை மதிப்பது தர்மம் அன்று, கடன்.

மெக்ஸிகோ தேசம் இவ்விஷயத்தில் நல்லதொரு வழியைக் காட்டியிருக்கிறது. ஹெலியா பிராவோ என்ற பெண்மணி 1937-ம் வருஷத்தில் தமது நாட்டுக் கள்ளிகளைப் பற்றித் தமது நாட்டு மொழியில் பெருநூல் எழுதினார். 1951-ல் மெக்ஸிகோக் கள்ளி ஆராய்ச்சிச் சங்கம் தோன்றுவதற்கும் அவர் முன்னின்றார். அதற்கு முன்பே, 1919 முதல் 1923 வரை, அமெரிக்க ஐக்கிய நாட்டு அறிஞர்களான பிரிட்டனும் ரோஸும் நான்கு பாகங்களில் கள்ளி நூல் வெளியிட்டிருந்தனர். அயலார் எழுதிவிட்டார்களே என்று அவர் ஓய்ந்துவிடவில்லை; அயலாரைத் தூற்றிக்கொண்டும் இருக்கவில்லை. தம் மண்ணைத் தாமே நடந்து பார்த்து எழுதினார். அறிவுத் துறையில் சுயராஜ்யம் என்பது இதுவே.

ஆகவே மகாநாட்டார்க்கு நாம் கூறுவது இதுதான். நீங்கள் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளின் அருகில் மட்டுமன்றி, இச்செடிகள் பிறந்த பூமிகளிலும் அடிக்கடி கூடுங்கள். அங்குள்ள அறிஞர்களை வழிகாட்டிகளாக அன்றி, சரியாசனமுள்ள தலைவர்களாக அமர்த்துங்கள். அருகிய இனங்கள் வளரும் இடத்தை அச்சிடாமல் காப்பதை உங்கள் நடத்தை விதிகளில் உறுதியாக்குங்கள். மாதிரிச் செடிகளில் முதன்மையானது பிறந்த நாட்டிலேயே தங்கட்டும்.

நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. 2002-ம் வருஷத்தில் நமது தேசம் உயிரினப் பன்மைச் சட்டம் இயற்றியது. அதனை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமை ஸ்தலம் நமது சென்னையிலேயே இருக்கிறது. ஆயினும் நமது குன்றுகளில் வளரும் கல்முளையானையும், கரிசல் ஓரத்துத் திருகுகள்ளியையும் பார்த்தவுடன் பெயர் சொல்லக்கூடிய இளைஞர் நம்மிடையே எத்தனை பேர்? தன் வேலியில் நிற்பது இன்னதென்று அறியாதவன், அதனை அயலான் பெயர்த்துக்கொண்டு போகும்போது எதைச் சொல்லித் தடுப்பான்? பள்ளிக்கூடங்களும் கலாசாலைகளும் இதற்கு விடை சொல்லட்டும்.