எண்ணி என்ன பயன்?

(இரண்டாமாண்டு விலங்கியல் மாணவன்)

சென்ற தை மாதத்து ஞாயிறொன்றில், விடியுமுன் நோட்டுப் புத்தகத்துடன் நான் கரைவெட்டி ஏரிக்குப் புறப்பட்டபோது என் தந்தையார் கேட்டார்: "ஏன் தம்பி, எண்ணிட்டா மட்டும் பறவை நின்னுடுமா?" அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவிப்பவர் அவர், பள்ளிக்கூட வாசலை மிதியாதவர். அன்று நான் விடை கூறவில்லை. இக்கட்டுரையே என் விடை.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி, காவிரி நீரைப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே பெற்றுத் தேக்கும் பாசன ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமாயிற்று; 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தும், ஊசிவால் வாத்தும் குளிர்காலத்தில் இங்கே தங்குகின்றன. 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகிறது. அதுபோன்றதொரு கணக்கைத்தான் நாங்கள் மூவர் எடுக்க முயன்றோம்.

முறை எளிதுதான். கதிரவன் முதுகுப்புறம் இருக்க நிற்க வேண்டும். பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து அடங்கும் என்று பார்க்க வேண்டும். ஆயினும் நான் நாமக்கோழிக் கூட்டத்தையே வாத்தென்று கருதி முந்நூறு என எழுதிவிட்டேன். நண்பன் ஒருவன் நெற்றியின் வெள்ளை நாமத்தைச் சுட்டிக்காட்டினான். அடித்துத் திருத்தியபோது வாத்துகள் நாற்பதுதான் மிஞ்சின. "நாற்பது என்றால் யார் மதிப்பார்கள்? இருநூறாவது போடு" என்றான் மற்றவன். எனக்கும் சபலம் தட்டியது, மறைக்கவில்லை. எனினும் நாற்பது என்றே எழுதினோம்.

நண்பர்களே! இன்று நாம் கூட்டி எழுதும் பொய், நாளை பறவை உண்மையாகவே குறையும்போது அக்குறைவை மறைத்துவிடும். பறவை ஒன்றுகூட வராவிட்டால் பூஜ்யம் என்று எழுதுவதும் கணக்கெடுப்பே அன்றோ! ஓர் ஆண்டின் எண் தனித்து நின்று அதிகம் சொல்லாது. மழை மிகுந்த ஆண்டில் பறவைகள் சுற்றுவட்டாரத்துக் குளங்களுக்குப் பிரிந்து போவதும் உண்டு. ஆகவே பறவையின் எண்ணிக்கையோடு நீர்மட்டத்தையும் குறிக்க வேண்டும். எந்த ஆண்டு எந்தப் படி வரை தண்ணீர் நின்றது என்பதை என் தந்தையார் மனக்கணக்காகச் சொல்வார். அவர் அறிந்தது எந்த ஏட்டிலும் இல்லை. அது அவரோடு மறைந்து போகலாமா?

நாம் மூன்றே ஆண்டில் கல்லூரியை விட்டுச் செல்பவர்கள். கல்லூரியோ நிலைத்து நிற்பது. எனவே ஆண்டுதோறும் சனவரியில், கரையின் அதே இடங்களில் நின்று, விவசாயிகளையும் கேட்டு, விலங்கியல் துறை இக்கணக்கை எடுக்க வேண்டும். அந்த ஏட்டை நூலகம் காக்க வேண்டும் என்பது என் பணிவான கருத்து.

அப்பா! எண்ணுவதால் பறவை நின்றுவிடாது. ஆனால், அது வராமற்போகும் ஆண்டில், முன்பு வந்தது என்று சொல்ல நம் கையில் சான்று இருக்கும்.