ரிங்கு சிங்கும் என் தம்பியின் கேள்வியும்

ஜெம்போல் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். படிவம் ஐந்தில் படிக்கும் என் தம்பி, எஸ்.பி.எம். தேர்வை விட்டுவிட்டுக் காற்பந்து அணித் தேர்வுக்குப் போகலாமா என்று கேட்டான். "விளையாட்டு சோறு போடுமா?" என்றார் அப்பா. இருவருக்கும் பதில் தேடியபோது ரிங்கு சிங்கின் கதை நினைவுக்கு வந்தது. கிரிக்கெட் வீரர் ரிங்கு சிங் அல்லர். இவர் பேஸ்பால் பந்து வீச்சாளர்.

உத்தரப் பிரதேசத்தின் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன் இவர். ஈட்டி எறிந்து பழகியவர். 2008-இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டி, இந்தியாவில் வேகமாகப் பந்து வீசுவோரைத் தேடியது. 37,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அதுவரை பேஸ்பாலே ஆடியிராத ரிங்கு, இடக்கையால் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசி வென்றார். பரிசு 1 லட்சம் டாலர். பெயரில் இருந்த 10 லட்சம் யாருக்கும் கிடைக்கவில்லை. அதே நவம்பரில் அவரும் தினேஷ் பட்டேலும் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியில் ஒப்பந்தமாயினர்.

ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த 2014-ஆம் ஆண்டுத் திரைப்படம் அத்துடன் முடிகிறது. வாழ்க்கை முடியவில்லை. தினேஷ் 2010 இறுதியில் விடுவிக்கப்பட்டார். ரிங்கு அமெரிக்காவின் கீழ்நிலை லீக்குகளிலும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் வீசினார். பிறகு காயம், 2013-இல் முழங்கை அறுவை சிகிச்சை. முதன்மை லீக்கை அவர் எட்டவே இல்லை. 2018-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்கு மாறினார்.

கணக்கைப் பாருங்கள்: 37,000 பேரில் ஒப்பந்தம் இருவருக்கு, உச்சத்தைத் தொட்டவர் எவருமில்லை. இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அந்நிய நாட்டில் மொழியும் ஒழுங்கும் கற்றதால்தான், கை ஓய்ந்த பின்னும் ரிங்குவுக்கு இன்னொரு கதவு திறந்தது.

அப்பாவின் அச்சத்தையும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தோட்டங்கள் கைமாறியபோது வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்களை அவர் பார்த்திருக்கிறார். ஒன்றையே நம்பினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே தம்பியிடம் சொன்னேன்: "அணித் தேர்வுக்குப் போ. ஆனால் எஸ்.பி.எம். எழுதிவிட்டுப் போ. ஒப்பந்தம் வந்தால், காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு."

அப்பாவிடம் சொன்னேன்: "சோறு போடும், அப்பா. எத்தனை ஆண்டுக்கு என்றுதான் யாரும் எழுதித் தருவதில்லை."